பதிவேட்டில் ஏறாத ஆலிவ் ரகங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008/90 வழிகாட்டு ஆணைப்படி, பழமரக் கன்று விற்பனைக்கு வர வேண்டுமானால் அதன் ரகம் பதிவாகியிருக்க வேண்டும். பழைய ரகமென்றால் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட விவரிப்பாவது வேண்டும். 2023 ஜூலை 5 அன்று ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட வரைவு, இதையும் வேறு ஒன்பது ஆணைகளையும் ஒரே ஒழுங்குமுறையாகச் சுருக்க முனைகிறது. வட்டாரப் பாரம்பரிய ரகங்களுக்கு எளிய பதிவுமுறையை அது திறந்துவிடுவது நல்லதே. ஆனால் ஆலிவுக்கு விவரிப்பை எதைக் கொண்டு எழுதுவது என்பது முடிவாகாமல் அந்த வழி பயன்தராது. ஒரே கிளையில் எடுத்த கொட்டையும் இலையும் சேர்ந்தே விவரிப்பாக வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு.

காயின் எடை விளைச்சலுக்கும் பாசனத்துக்கும் ஏற்ப மாறும். நிறம் அறுவடை நாளைப் பொறுத்தது. கொட்டை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. சர்வதேச ஆலிவ் மன்றத்தின் முறைப்படி 40 கொட்டைகளை அளந்தால், நீள அகல விகிதம் 1.4க்குக் கீழே உருண்டை, 2.2க்கு மேலே நீள்வடிவம். நுனியில் முள் உண்டா, பள்ளக்கோடுகள் 7க்குக் குறைவா 10க்கு மேலா, மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா என்று பார்த்தாலே பல ரகங்கள் பிரிந்துவிடும். நெருங்கிய உறவுள்ள ரகங்களில்தான் கண் தடுமாறும்.

அந்த இடத்தில், டிஎன்ஏவில் அடுத்தடுத்துத் திரும்ப வரும், ரகத்துக்கு ரகம் நீளம் மாறும் குறுந்தொடரான மைக்ரோசாட்டலைட் கைகொடுக்கிறது. ஸ்பெயினின் கோர்தோபா ஆலிவ் மரபுவள வங்கியின் 499 சேகரிப்புகளை 33 மைக்ரோசாட்டலைட்டுகளாலும் 11 கொட்டைப் பண்புகளாலும் ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, 332 ரகங்களையே அடையாளம் கண்டது; அதாவது ஒரே ரகம் பலமுறை சேகரிக்கப்பட்டிருந்தது. மறுபக்கம், ஒலியரோலா என்ற ஒரே பெயரில் இத்தாலியின் புல்யாவிலேயே சலென்டீனா, பரேஸே, கர்கானிகா என வெவ்வேறு மரங்கள் நிற்கின்றன. டிசிஏ9, டிசிஏ18, ஜிஏபியு101 போன்ற குறியீடுகள் இவற்றைப் பிரித்துவிடும். ஆனால் ஒரே அல்லீலை இரண்டு ஆய்வகங்கள் இரண்டு கார இணை வித்தியாசத்தில் படிப்பது வழக்கம். ஆதார ரகங்களின் டிஎன்ஏவை உடன் ஓட்டிச் சரிபார்க்காத முடிவு பதிவேட்டுக்கு ஆகாது.

மாதிரி எடுப்பதில் நேரும் பிழையை எந்த ஆய்வகமும் திருத்த முடியாது. முதிய ஆலிவ் மரங்களில் பெரும்பாலானவை ஒட்டுக்கட்டியவை. எட்டிப் பறிக்க வசதியாக அடியில் தளிர்த்த பக்கக்கன்றின் இலையைக் கிள்ளினால், கிடைப்பது அடிமரத்தின் மரபணு. அளந்த கொட்டையோ மேல்மரத்தினுடையது. ஒரு மரத்துக்கு இரண்டு ரகங்களின் விவரம் கலந்து எழுதப்பட்டுவிடும். கொட்டை எடுத்த கிளையிலேயே இலையும் எடுக்க வேண்டும் என்ற ஒரு வரி வரைவின் பின்னிணைப்பில் இடம்பெற்றால் போதும்.

புல்யாவின் தென்பகுதியான சலென்டோவை நினைத்தால் இது வெறும் நடைமுறைப் பிரச்சினையாகத் தோன்றாது. 2013இல் கல்லிப்போலி அருகே, ஆலிவ் மரங்களைக் காயவைக்கும் சைலெல்லா பாக்டீரியா கண்டறியப்பட்டபின், நோயுற்ற மரத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் இருந்த விருந்தோம்பித் தாவரங்களை அகற்றச் சொன்னது ஆணையம். 2016 ஜூன் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நோயைத் தடுக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பாக்டீரியாவுக்கு மாதிரி எடுக்கச் சொன்ன ஆணையில், வெட்டப்படும் மரத்தின் ரகத்தைக் குறித்துவைக்கச் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. வெட்டிய கிளை ஒன்றிலிருந்தே நான்கு இலையும் ஒரு பிடி கொட்டையும் எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? செல்லினா தி நார்தோ என்றும் ஒலியரோலா என்றும் பொதுப்பெயரில் எண்ணப்பட்டு வீழ்ந்தவற்றில் வேறு ரகங்கள் எத்தனை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பின்னர் மறுநடவுக்கு அனுமதி வந்தபோது முன்னே நின்றவை, டஸ்கனியிலிருந்து பரவிய லெச்சீனோவும், ஃப்ரன்டோயோவின் நாற்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்எஸ்-17உம். இரண்டும் நல்ல ரகங்களே. ஆனால் இரண்டுமே சலென்டோவின் மண்ணில் பிறந்தவை அல்ல.

காய்ந்த தோப்புகளில் இன்னும் பச்சையாக நிற்கும் மரங்கள் உண்டு. அவை பெயர் மாறிய பழைய ரகமா, ஒட்டு பட்டுப்போய் எழுந்த அடிமரமா, தானே முளைத்த நாற்றா என்று கண்டறிவதில்தான் அடுத்த தலைமுறைத் தோப்பு அடங்கியிருக்கிறது. புதிய ரகத்துக்கு அதை உருவாக்கியவர் விண்ணப்பிப்பார், கட்டணமும் கட்டுவார். உரிமையாளரே இல்லாத உள்ளூர் ரகத்துக்கு யார் விண்ணப்பிப்பது? நாற்றுப்பண்ணைக்காரர் கைக்காசில் செய்வார் என்று எதிர்பார்ப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். மரத்தை வெட்ட அரசுச் செலவில் ஆள் அனுப்ப முடிந்தவர்கள், அடையாளம் காணவும் அரசுச் செலவிலேயே ஆள் அனுப்ப வேண்டும். ஒழுங்குமுறை இறுதியாகும் முன் உறுப்பு நாடுகள் இதைச் சட்டவரியாகவே எழுதிச் சேர்க்கட்டும். அதுவரை களத்தில் இருப்போர் தங்கள் வட்டாரத்து மரங்களின் கொட்டையையும் இலையையும் கிளை எண்ணோடு சேகரித்து, உலர்த்தி, பத்திரப்படுத்தத் தொடங்க வேண்டும்.