அழவும் ஒரு பாட்டு வேண்டும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

குழந்தை கேட்கும் முதல் பாட்டு தாலாட்டு. மனிதனுக்காகப் பாடப்படும் கடைசிப் பாட்டு ஒப்பாரி. இரண்டையும் பாடி வந்தவர்கள் பெண்கள். இவற்றை அவர்கள் எந்த ஆசிரியரிடமும் கற்கவில்லை. தாய் பாடக் கேட்ட மகள் பாடினாள். அவள் பாடக் கேட்ட பேத்தி பாடினாள். துக்கம் தொண்டையை அடைக்கும்போது வாய் திறந்து பாட வேண்டும் என்பதை நம் பாட்டிமார் நெடுங்காலமாக அறிந்தே இருந்தார்கள்.

இன்று நிலைமை என்ன? ஒப்பாரி நாகரிகமற்றது என்று ஒதுக்கப்படுகிறது. ஓயாமல் வருத்தம் பேசுகிறவரைப் பார்த்து, "ஏன் முகாரி பாடுகிறாய்?" என்று கேலி செய்கிறோம். மதிப்பெண் குறைந்து மனம் வாடிய மாணவி ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தால், "இப்போது பாட்டு ஒன்றுதான் குறைச்சல்!" என்று வீட்டில் குரல் எழுகிறது. சற்று இரக்கமுள்ளவர்களோ, "சோகப் பாட்டு வேண்டாம் அம்மா, மனம் இன்னும் கனத்துப் போகும். சந்தோஷமான பாட்டாகக் கேள்" என்கிறார்கள்.

பெரியவர்கள் நம் நன்மைக்காகவே இவ்வாறு சொல்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பணிவோடு என் மாற்றுக் கருத்தைக் கூற விரும்புகிறேன். துன்பத்தில் இருப்பவருக்கு முதலில் வேண்டியது துன்பத்தை மறக்கச் செய்யும் பாட்டு அன்று. அதை அழுது ஆற்றிக்கொள்ளத் துணை வரும் பாட்டே. அழுவதற்கு ஒரு பாட்டு கிடைத்த பிறகுதான் எழுவதற்கு ஒரு பாட்டு பயன்படும்.

இதற்குத் திருச்சபை வரலாற்றிலிருந்தே ஒரு சான்று காட்டுகிறேன். புனித மோனிக்கம்மாள் கி.பி. 387-ஆம் ஆண்டில், ரோமை நகருக்கு அருகிலுள்ள ஓஸ்தியா துறைமுகத்தில், தம் 56-ஆம் வயதில் இறந்தார். மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீர் வடித்த தாய் அவர். தாயின் கண்களைத் தம் கையாலேயே மூடினார் புனித அகுஸ்தீனார். ஆனால் அவர் அழவில்லை. விசுவாசத்தோடு இறந்தவருக்காக அழுவது தகாது என்று எண்ணித் தம்மை அடக்கிக்கொண்டார். வாய்விட்டு அழுத அவர் மகனையும் அங்கிருந்தவர்கள் அடக்கினார்கள். ஒருவர் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் அனைவரும் சேர்ந்து பாடினார்கள். அடக்கம் முடிந்தது. அப்போதும் அவர் கண்ணில் நீர் இல்லை. குளித்தால் துயரம் நீங்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால் குளித்தும் பார்த்தார். பயன் இல்லை.

உறங்கி எழுந்த பின், படுக்கையில் தனியே இருந்தபோது, புனித அம்புரோசியார் இயற்றிய மாலைப் பாடல் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. அப்பாடலைத் தொடர்ந்து தாயின் நினைவும் வந்தது. அடக்கி வைத்திருந்த கண்ணீர் அப்போதுதான் பெருகியது. அந்தக் கண்ணீரில் தம் இதயம் இளைப்பாறியது என்று அவரே தம் 'பாவசங்கீர்த்தனம்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். மாபெரும் அறிஞர் அவர். ஆயினும் அறிவு செய்ய முடியாததை ஒரு பாட்டு செய்தது.

இது பதினாறு நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தி மட்டும் அன்று. என் வீட்டிலும் இதைக் கண்டேன். என் ஆச்சி இறந்தபோது அம்மா அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பதும், பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் ஆள் அனுப்புவதும், முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஏற்பாடு செய்வதுமாக ஓடிக்கொண்டே இருந்தார். "எவ்வளவு மனத்திடம்!" என்று உறவினர் புகழ்ந்தார்கள். இரவில் அவர் உறங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது எனக்குத்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை மாலை, முறத்தில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தவர், ஆச்சி செபமாலை முடிந்ததும் தினமும் பாடும் மாதா பாட்டைத் தம்மை அறியாமல் முணுமுணுத்தார். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. முறத்தை மடியில் வைத்தபடியே தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அந்த மெட்டு தெரியும். அருகில் அமர்ந்து மிச்சத்தைப் பாடினேன். காப்பி கேட்க வந்த அப்பா ஒன்றும் பேசாமல் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு அம்மா உறங்கினார்.

பாட்டு இதை எப்படிச் செய்கிறது? துக்கத்தில் நம் மூச்சு துண்டு துண்டாகிறது, நெஞ்சு படபடக்கிறது. பாட வேண்டுமானால் ஆழமாக மூச்சை இழுத்து, அதை மெல்ல மெல்ல நீட்டி விட வேண்டும். ஓர் அடி முடியும் வரை மூச்சு நம் சொற்படி கேட்க வேண்டும். நான்கு அடி பாடுவதற்குள் மூச்சு சீராகிறது. மூச்சு சீரானால் நெஞ்சின் படபடப்பும் தணிகிறது. மற்றொரு காரணமும் உண்டு. நம் வேதனைக்குப் பல சமயங்களில் நம்மிடம் சொற்கள் இல்லை. "என்ன ஆயிற்று?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்ல வருகிறது. பாட்டோ நமக்குச் சொற்களைக் கடன் கொடுக்கிறது. 'நான் மட்டும் இப்படி இல்லை. எனக்கு முன்னும் ஒருவர் இப்படித் தவித்திருக்கிறார்' என்ற எண்ணமே பாதி ஆறுதல் அன்றோ?

நம் வேதாகமம் இதை நன்கு அறிந்திருக்கிறது. அதிலுள்ள 150 திருப்பாடல்களில் புகழ்ச்சி மட்டும் இல்லை, புலம்பலும் ஏராளம். 88-ஆம் திருப்பாடல் இருளிலே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதை யாரும் நீக்கிவிடவில்லை. 22-ஆம் திருப்பாடலோ கைவிடப்பட்டவனின் கதறலாகத் தொடங்கி இறைப்புகழ்ச்சியாக முடிகிறது. நம் ஆண்டவர் சிலுவையில் தொங்கியபோது கூவியவை இப்பாடலின் தொடக்கச் சொற்களே. அதற்கு முந்திய இரவில், இராவுணவு முடிந்து, தாம் துயரப்படப்போகும் ஒலிவ மலைக்குப் புறப்படுமுன் அவரும் சீடரும் பாடிவிட்டே சென்றதாக நற்செய்தி கூறுகிறது. பாடுகளுக்குச் செல்லும் வழியில் இறைமகனே பாடினார் என்றால், துன்பத்தில் பாடுவது பலவீனம் என்று யார் சொல்ல முடியும்? தவக்காலச் சிலுவைப்பாதையில் நாம் ஒவ்வொரு நிலைக்கும் பாடி நடக்கிறோம். துயரத்தைத் தாண்டிக் குதிக்காமல், அதன் வழியே நடந்து உயிர்ப்பு ஞாயிறுக்குச் செல்லத் திருச்சபை நம்மைப் பழக்குகிறது.

தனி ஒருவரின் துன்பத்துக்கு மட்டுமா பாட்டு? 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றியவரும், 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவருமான கத்தோலிக்கப் பெரியவர் வேதநாயகம் பிள்ளை, பசித்தவர்களுக்கு உதவியதோடு நில்லாமல் பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனங்களும் பாடினார். கீர்த்தனம் பசியை ஆற்றாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊரே அழும்போது, அந்த அழுகையை இறைவன் முன் வைக்க ஊருக்கு ஒரு குரல் வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கஞ்சியும் தேவை, கண்ணீருக்கு ஒரு மெட்டும் தேவை.

அழுதவர் எழவும் வேண்டும். இசை மேதை பேத்தோவன் 1802-ஆம் ஆண்டில், செவிப்புலன் குறைந்துவருவதை எண்ணி மனமுடைந்து, தம் சகோதரருக்கு ஒரு கடிதம் எழுதினார். வாழ்வே வெறுத்த நிலையில் தம்மைத் தடுத்து நிறுத்தியது தம் கலை ஒன்றே என்று அதில் குறிப்பிட்டார். 1824-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், வியன்னா நகரில் அவருடைய ஒன்பதாவது சிம்பனி முதன்முதல் இசைக்கப்பட்டது. அவையோரின் கரவொலி அவர் காதில் விழவில்லை. பாடகி ஒருவர் அவரைத் திருப்பிக் காட்டிய பிறகே கண்டார். அந்த இசையின் முடிவில் ஒலிப்பது மகிழ்ச்சியைப் போற்றும் பாட்டு! அழுகையிலிருந்து அந்த மகிழ்ச்சிக்கு வர அவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. ஒரே மாலையில் நம்மைச் சிரிக்கச் சொல்கிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். சவுல் அரசர் மனக்கலக்கம் கொண்டபோதெல்லாம் சிறுவன் தாவீது யாழ் மீட்டினான்; அரசருக்கு ஆறுதல் உண்டாயிற்று என்று வேதாகமம் சொல்கிறது. அதே சவுல்தான் பின்னர், யாழ் மீட்டிக்கொண்டிருந்த தாவீதின் மீதே ஈட்டியை எறிந்தார்! ஏன்? இசை அவர் கலக்கத்தைத் தணித்தது. ஆனால் உள்ளே வளர்ந்த பொறாமையை அவர் வெளியே எடுத்து வைக்கவில்லை. இசை கதவைத் திறக்கும். வெளியே நடந்து வர வேண்டியவர் நாம்தான்.

கைப்பேசியும் இயர்போனும் உள்ள இக்காலத்தில் இதை நினைவில் வைப்பது மிக அவசியம். காதை அடைத்துக்கொண்டு, ஒரே பாட்டை இருபது முறை கேட்டு, யாரோடும் பேசாமல் அறைக்குள் முடங்குவது ஆறுதல் அன்று. அது மற்றொரு சிறை. நல்ல பாட்டு நம்மை அழவைத்த பின் மனிதர்களிடம் திருப்பி அனுப்பும். பாடியும் அழுதும், நாட்கள் சென்றும், சோறு இறங்கவில்லை, உறக்கம் வரவில்லை, வாழ்வில் பிடிப்பில்லை என்றால் அம்மாவிடமோ, வகுப்பாசிரியையிடமோ, நம் சிஸ்டர்களிடமோ வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். மருத்துவரிடம் செல்வதிலும் வெட்கம் இல்லை. காய்ச்சலுக்கு மருந்து உண்பவர்கள் மனநோவுக்கு உண்ணக் கூடாதா?

அன்புள்ள பெற்றோரே! பரீட்சை மாதங்களில் உங்கள் மகள் கால் மணி நேரம் பாடினால் படிப்பு கெட்டுவிடாது. பாரம் இறங்கிய மனம்தான் பாடத்தை ஏற்கும். அவள் சோகப் பாட்டைக் கேட்டால் நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் சற்று உட்காருங்கள்.

மதிப்புக்குரிய சிஸ்டர்களே, ஆசிரியைகளே! ஒன்பதாம் வகுப்பு வரை கால அட்டவணையில் இருக்கும் இசை வகுப்பு, பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. எங்களுக்கு மிக அதிகமாகக் கவலை இருக்கும் ஆண்டில்தான் அது எங்களைவிட்டுப் போகிறது! வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள். ஒரு மாணவியின் வீட்டில் துக்கம் நேர்ந்தால், அவள் பள்ளிக்குத் திரும்பும் நாளன்று காலை வணக்கத்தில் அனைவரும் சேர்ந்து அவளுக்காக ஒரு பாடலைப் பாடுவோம். ஆறுதல் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நிற்கும் எங்களுக்கு அது பெரிய உதவியாக இருக்கும்.

தோழியரே! குரல் இனிமையாக இல்லையே என்று தயங்க வேண்டாம். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய நம் பாட்டிமார் மேடையேறிப் பரிசு வாங்கியவர்கள் அல்லர். வகுப்பில் ஒருத்தி முகம் வாடி அமர்ந்திருந்தால், "அழாதே" என்று சொல்வதை விடுத்து, அவளுக்குப் பிடித்த பாட்டை அவளோடு சேர்ந்து மெல்லப் பாடுங்கள். அவள் அழுவாள், அழட்டும். பிறகு அவளே நிமிர்ந்து அடுத்த பாட்டைத் தொடங்குவாள்.