முகாம் முடிந்தது, பணி முடிந்ததா?

கல்லூரியில் பயிலும் சகோதர, சகோதரிகளே!

காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் முகாம், பிறகு சான்றிதழ். நல்ல திட்டம்தான். ஆனால் எங்கோ ஒரு கிராமத்தில் மரக்கன்று நட்டுவிட்டு ஊர் திரும்பும் நீங்கள், சொந்தத் தெருவைத் திரும்பிப் பார்த்ததுண்டா?

வருமானச் சான்றிதழை உரிய நாளில் வாங்காமல் உதவித்தொகையை இழந்த மாணவன் அங்கே இல்லையா? 18 வயது நிரம்பியும் படிவம் 6 கொடுக்காததால் வாக்காளர் பட்டியலில் பெயரில்லாத இளைஞன் இல்லையா? எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு முதியோர் உதவித்தொகை மனுவை எழுதித் தர யார் இருக்கிறார்கள்?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, சாதி மதம் பாராமல் தண்ணீரில் இறங்கி உணவு சுமந்தவர்கள் நம் இளைஞர்கள். வெள்ளம் வடிந்துவிட்டது. சேவை உணர்வும் வடிந்துவிட வேண்டுமா?

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஆண்டுக்கு நூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஒருவர் மனு எழுதட்டும். ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரட்டும்.

வியாபாரப் பெருமக்களே! கடை மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையை மாலையில் திறந்துவிடுங்கள். விளக்கும் பாயும் உங்கள் பங்கு. உங்கள் கடையில் மூட்டை சுமப்பவரின் பிள்ளையும் அங்கே வந்து படிக்கட்டும்.

சான்றிதழ் சுவரில் தொங்கும். நீங்கள் கைதூக்கிவிட்ட பிள்ளை சொந்தக் காலில் நிற்கும். எது வேண்டும் உங்களுக்கு?