கடித்த இடத்திலேயே தொடங்கட்டும் மருத்துவம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. பெருவயல்கள் அக்கரையில், போதனா வைத்தியசாலை இக்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் பயணம் சுருங்கியது உண்மை. ஆனாலும் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து உள்வட்டைகளில் விரியன் கடித்தவருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்த பிறகே மருந்து. அதுவரை நஞ்சு உடலுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

விரியன் நஞ்சில் மெட்டலோபுரொட்டீனேஸ் எனப்படும் நொதிகள் உண்டு. துத்தநாகம் இல்லாமல் அவை இயங்கா. இரத்தக் குழாய்ச் சுவரை அரிப்பவை அவை. கண்ணாடி விரியனின் நஞ்சில் அவற்றுள் ஒன்று, இரத்தம் உறையத் தேவையான புரதங்களை வீணே செலவழித்துவிடுகிறது. துத்தநாகத்தைப் பற்றிக்கொள்ளும் மருந்து கிடைத்தால் நொதி முடங்கும்.

அத்தகைய மருந்து முன்பே இருக்கிறது. புற்றுநோய் பரவுவதைத் தடுக்க 1990களில் பிரிட்டிஷ் பயோடெக் நிறுவனம் சோதித்த மாரிமாஸ்டாட் நோயாளிகளிடம் பலன் தரவில்லை. நெடுநாள் உட்கொண்டோருக்கு மூட்டுவலி வந்தது. பாம்புக்கடிக்குச் சில நாள் மருந்தே போதும் என்பதால் அந்தக் குறை இங்கே அவ்வளவு பெரிதில்லை. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2020இல் மாரிமாஸ்டாட்டை வாரெஸ்பிளாடிப் என்னும் இன்னொரு மருந்துடன் சேர்த்துக் கொடுத்து, கண்ணாடி விரியன் உட்படப் பல விரியன்களின் நஞ்சிலிருந்து எலிகளைக் காத்தனர். பாதரச நஞ்சேற்றத்துக்குப் பயன்படும் யுனித்தியோலும் துத்தநாகத்தைப் பற்றுவதே; அது கென்யாவில் ஆரோக்கியமான தன்னார்வலரிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. அதை வாயால் உட்கொள்ளலாம் என்பதே நமக்கு முக்கியம்.

நம் தேவை சிறிதன்று. இலங்கையில் ஆண்டுக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 30,000 பேருக்கு நஞ்சேறுகிறது, 464 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. கையிலுள்ள விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. உயிர் காக்கும் அந்த மருந்தே கடும் ஒவ்வாமையையும் தரும். 2011இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், 1,007 நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு எதிர்விளைவு ஏற்பட்டிருந்தது. அதனால்தான் அதை ஆஸ்பத்திரிக்கு வெளியே ஏற்ற முடியாது.

அவசரமும் கூடாது. எலியில் வென்றது மனிதரில் தோற்கலாம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நடந்த வாரெஸ்பிளாடிப் பரிசோதனை முதன்மை இலக்கை எட்டவில்லை. நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன் நஞ்சுக்குத் துத்தநாகத்தைப் பற்றும் மருந்து உதவாது. இந்த மாத்திரைகள் விஷமுறிவு மருந்துக்கு மாற்றும் அல்ல. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நஞ்சைத் தாமதப்படுத்துவதே அவற்றின் பணி.

அந்தப் பணி எங்கே அதிகம் தேவையோ, அங்கேதான் பரிசோதனை நடக்க வேண்டும். பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் மாறுவதால், வெளிநாட்டு முடிவை அப்படியே இங்கே ஏற்க முடியாது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடமும் படுவான்கரைப் பிரதேச வைத்தியசாலைகளும் இணைந்து, கடுமையான நெறிமுறைக் கண்காணிப்போடு இதைச் செய்யலாம். மருத்துவப் பரிசோதனைகளில் இலங்கைக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. சுகாதார அமைச்சு நிதியும் அனுமதியும் தந்து வழிவிட வேண்டும்.

அதுவரை கமக்காரருக்கு ஒன்றே சொல்வோம்: கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.