மேடை விளக்கை முகத்தைப் பார்த்து வாங்குவோம்

ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தேன். சரித்திர நாடகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அரசியாக வேடமிட்ட மாணவி மேடையின் முன்புறம் வந்து வசனம் பேசத் தொடங்கினாள். நன்றாகவே பேசினாள். ஆனால் அவள் முகம் முகமாகத் தெரியவில்லை. அவளுடைய மாநிறத் தோலில் ஊதா கலந்த ஓர் இளஞ்சிவப்பு படிந்திருந்தது. மூக்கின் நிழலோ ஒரு விளிம்பில் பச்சையும் மறு விளிம்பில் சிவப்புமாகக் கோடு போட்டிருந்தது. பெற்றோர் கைப்பேசியில் எடுத்த படத்தில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்ந்தன. பல நாள் ஒத்திகை விளக்கினால் வீணாயிற்று.

அந்தப் பள்ளி கஞ்சத்தனம் செய்யவில்லை. பழைய டங்ஸ்டன் விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புத்தம்புதிய எல்.இ.டி. விளக்குகளை வாங்கியிருந்தது. 1 கோடியே 67 லட்சம் நிறங்களைக் காட்டும் விளக்குகள் என்று விற்றவர்கள் சொன்னார்களாம். அது பொய்யல்ல. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரை தலா 256 படிகள். 256-ஐ மும்முறை பெருக்கிப் பாருங்கள், 1,67,77,216 வரும். இத்தனை நிறங்களிலும் ஒரு பெண்ணின் முகத்தை முகமாகக் காட்டும் வெண்மை ஒன்று இல்லாமற் போனதே! மேடை விளக்கை எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது, முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

இப்படிச் சொல்வதால் நான் எல்.இ.டி.யின் எதிரி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். 1,000 வாட் டங்ஸ்டன் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. பத்து விளக்குகள் என்றால் 43 ஆம்பியர். பத்து இஸ்திரிப் பெட்டிகளைத் தலைக்கு மேல் தொங்கவிட்டது போன்ற வெப்பம்! நல்ல எல்.இ.டி. விளக்கு 200 வாட் அளவிலேயே ஏறத்தாழ அதே வேலையைச் செய்துவிடும். நிறம் வேண்டுமென்றால் டங்ஸ்டன் விளக்கின் முன் நிறத்தாள் மாட்ட வேண்டும். கரு நீலத் தாள் ஒளியில் நூற்றில் சில பங்கை மட்டும் விட்டு, மீதியை விழுங்கிவிடும். எல்.இ.டி.யோ நீலத்தை நீலமாகவே பிறப்பிக்கிறது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது சும்மாவா?

நாடக மேடை புதிய விளக்கை வரவேற்பதும் புதிதல்ல. லண்டனில் உள்ள சவாய் நாடக அரங்கு 1881-இல் ஜோசப் ஸ்வான் செய்த மின்விளக்குகளால் முழுவதும் ஒளியூட்டப்பட்டது. அதுவரை மேடைகளில் எரிந்தது எரிவாயு. அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட், எரிந்துகொண்டிருந்த மின்விளக்கு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, மக்கள் முன் உடைத்துக் காட்டினார். துணி தீப்பிடிக்கவில்லை. சொல்லை நம்பச் சொல்லாமல் சோதித்துக் காட்டினார் பாருங்கள், அந்த வழக்கத்தைத்தான் நாம் விட்டுவிட்டோம்.

சோதித்தால் என்ன தெரியும்? டங்ஸ்டன் இழையின் ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தினால் ஊதா முதல் சிவப்பு வரை இடைவெளியில்லாத நிறமாலை கிடைக்கும். மூவண்ண எல்.இ.டி.யின் வெண்ணொளியிலோ மூன்று மேடுகளே இருக்கும்: நீலம் 460, பச்சை 525, சிவப்பு 630 நானோமீட்டருக்கு அருகில். இடையே மஞ்சளும் ஆரஞ்சும் இருக்க வேண்டிய இடம் ஏறக்குறையக் காலி. வெள்ளைச் சுவரில் இரண்டு விளக்குகளும் ஒன்று போலவே தெரியும். நம் கண்ணில் நிறத்தை உணரும் கூம்புச் செல்கள் மூன்றே வகை, அவை ஏமாந்துவிடும். ஆனால் தோல் ஏமாறாது. தோலுக்கடியில் ஓடும் இரத்தம் 577 நானோமீட்டர் அருகே ஒளியை நன்றாக உறிஞ்சுகிறது. 600-ஐத் தாண்டியதும் தோல் திருப்பி அனுப்பும் ஒளி விரைந்து கூடுகிறது. மனித முகத்தின் உயிர்ப்பு அடங்கியிருக்கும் அந்த இடத்தில்தான் மலிவு விளக்கில் ஒளியே இல்லை!

நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசிச் செய்யும் வெள்ளை விளக்குகளும் உண்டு. மலிவானவற்றில் இங்கே குறைவது அடர் சிவப்பு; பட்டுப் புடவை செங்கல் போலாகிவிடும். நிறத்தின் தரத்தைக் காட்டும் சி.ஆர்.ஐ. என்னும் எண்ணைக் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். கேளுங்கள். ஆனால் அந்த எண் வெளிறிய எட்டு நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆகவே 80 மதிப்பெண் வாங்கிய விளக்கும் சிவப்பில் தோற்றிருக்கலாம். ஒன்பதாவது நிறமான ‘ஆர்-9’-இன் மதிப்பைத் தனியாகக் கேட்க வேண்டும். 2015-இல் வெளிவந்த டி.எம்.-30 முறை 99 நிறங்களை வைத்துச் சோதிக்கிறது. அது மேலும் நம்பத் தக்கது.

அடுத்தது, விளக்கைத் தணிப்பது. நாடகத்தில் ஒளி மெல்ல மங்கி இருளுக்குள் கரைய வேண்டும். டங்ஸ்டன் இழை குளிரக் குளிரச் செம்மையடைந்து, மாலை வெயில் போல் அணையும். எல்.இ.டி.யில் பிரகாசம் மட்டும் குறையும். அதுவும் 256 படிகளே இருந்தால், 255-லிருந்து 254-க்கு இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. 2-லிருந்து 1-க்கு இறங்கும்போதோ ஒளி பாதியாகிறது! கண் இந்தத் தாவலைப் பிடித்துவிடும். 65,536 படிகள் கொண்ட விளக்குகளில் இத்தொல்லை பெரிதும் குறைவு. மேலும், எல்.இ.டி. பெரும்பாலும் வேகமாக அணைத்து ஏற்றப்படுவதால்தான் மங்குகிறது. அந்த வேகம் போதாவிட்டால் படத்தில் கருப்புப் பட்டைகள் ஊரும்.

2018-இல் ஐரோப்பாவில் ஒரு போராட்டம் நடந்தது. மின்சாரச் சிக்கனத்துக்காக, விளக்குகள் வாட்டுக்கு 85 லூமென் ஒளியாவது தர வேண்டும் என்ற விதி வர இருந்தது. மேடை டங்ஸ்டன் விளக்கு 30-ஐக்கூட எட்டுவதில்லை. நிறம் கலக்கும் பல எல்.இ.டி. மேடை விளக்குகளும் 85-ஐ எட்டவில்லை. நாடகக் கலைஞர்கள் எதிர்த்தனர். முடிவில் மேடை விளக்குகள் பலவற்றுக்கு விலக்குக் கிடைத்தது. ‘கலைஞர்கள் அறிவியலுக்குப் பகைவர்கள்’ என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒளியின் அளவு வேறு, ஒளியின் குணம் வேறு என்று அவர்கள் சொன்னது அறிவியல்தான்.

இசைக் கச்சேரிக்கும் இதே விதியா? இல்லை. மெல்லிசை மேடையில் பாடகருக்குப் பின்னால் ஊதாவும் பச்சையும் பாய்வதே அழகு. அங்கே மூவண்ண எல்.இ.டி.க்கு நிகரில்லை. விளக்கின் விசிறி இரைந்தாலும் முரசொலியில் கேட்காது. நாடகத்தில் ஒரு நொடி மௌனத்தை அந்த இரைச்சல் கெடுத்துவிடும். ஆகவே, கையில் பணம் குறைவென்றால் முன்பக்கத்துக்கு நான்கே நான்கு நல்ல வெள்ளை விளக்குகள் வாங்குங்கள். பின்பக்கத்து நிறங்களுக்கு மலிவு விளக்குகள் போதும். முன்பக்கத்துக்கு நல்லவை கிடைக்கும் வரை பழைய டங்ஸ்டன் விளக்குகளைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம்.

மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளி விளக்கு வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ நீங்களும் உடன் செல்லுங்கள். பழைய குறுந்தகடு ஒன்றும், சிவப்புத் துணியும் கொண்டு போங்கள். விளக்கை வெள்ளையில் வைக்கச் சொல்லி, குறுந்தகட்டில் தெரியும் நிறமாலையில் இடைவெளி உண்டா என்று பாருங்கள். பேனாவின் நிழல் எத்தனை நிறம்? பத்து விநாடியில் விளக்கைத் தணிக்கச் சொல்லுங்கள். அது தடுக்கி விழுகிறதா? கைப்பேசிக் கேமராவில் பட்டை ஊர்கிறதா? கடைசியாக, கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று வெவ்வேறு நிறமுள்ள நண்பர்களை விளக்கின் முன் நிறுத்துங்கள். ஒவ்வொருவர் முகமும் பகலில் கண்ட முகமாகவே இருக்கிறதா? இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால், எத்தனை கோடி நிறம் காட்டினாலும் அந்த விளக்கு நாடகத்துக்கு ஆகாது.