நாய் வாய் என்றால் நாறத்தான் செய்யுமா?

நம்மவர்களிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. கவனிக்க மனமில்லாத காரியத்துக்கெல்லாம் "இயற்கை" என்று பெயர் சூட்டிவிடுவார்கள். குழந்தை இளைத்துப் போனால், "அதன் உடல்வாகு அப்படி." பாட்டிக்குக் கண் மங்கினால், "வயசாகிவிட்டதே!" வீட்டு நாயின் வாய் துர்நாற்றமெடுத்தால், "நாய் வாய்தானே, பின்னே மல்லிகைப் பூவா மணக்கும்?"

இந்தக் கடைசி நியாயத்தை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. ஆரோக்கியமான நாயின் வாயில் லேசான மிருக வாசனை இருக்கும், வாஸ்தவம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி அடிக்கிற நாற்றம் இயற்கை அல்ல, நோய். நோய் என்று சொன்னால் நமக்கு ஒரு பொறுப்பு வந்து சேரும். இயற்கை என்று சொல்லிவிட்டால் பொறுப்பே இல்லை. அதனால்தான் அந்த வார்த்தை நமக்கு அவ்வளவு இஷ்டமாக இருக்கிறது.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள்; நம்மைவிடப் பத்து அதிகம். அந்தப் பற்களின்மேல் கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. துடைக்காமல் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து இறங்கி, இரண்டு மூன்று நாளிலேயே படலம் காறையாக இறுகத் தொடங்குகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போலப் பள்ளம் விழுகிறது. காற்றுப் புகாத அந்தப் பள்ளத்தில் கிருமிகள் வெளியிடும் கந்தக வாயுக்கள்தாம் நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நாற்றம். அதற்கப்புறம் பல்லைத் தாங்கும் எலும்பே கரைய ஆரம்பிக்கும். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய்களிடம் இதன் அறிகுறி தென்படுகிறது என்கிறார்கள் மிருக வைத்தியர்கள். பொமரேனியன் போன்ற சிறிய ஜாதிகளுக்குச் சின்ன வாயில் பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் தொந்தரவு இன்னும் அதிகம்.

"வலித்தால் சாப்பிடாதே! இது தட்டை நக்கி வைக்கிறதே?" என்று கேட்பார்கள். நமக்குப் பல்வலி வந்தால் வீட்டையே இரண்டாக்குகிறோம். நாய் அப்படிச் செய்வதில்லை. பல் ஆடினாலும் ஒரு பக்கமாக மென்று விழுங்கிவிடும். கவளத்தை வாயிலிருந்து நழுவவிடுவதும், முன்னங்காலால் முகத்தைத் தேய்ப்பதும், எச்சிலில் ரத்தம் கலந்திருப்பதும்தான் அதன் புலம்பல். மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்தால் கண்ணுக்குக் கீழே வீங்கும். "ஏதோ பூச்சி கடித்திருக்கும்" என்று மஞ்சளை அரைத்துப் பூசுகிறவர்கள் உண்டு.

இன்னொரு கட்சி இருக்கிறது: "தெருநாய்க்கு யார் பல் விளக்குகிறார்கள்? காட்டில் ஓநாய்க்கு யார் விளக்குகிறார்கள்?" யாரும் விளக்குவதில்லை; அதனால் அவற்றுக்கு நோயில்லை என்று ஆகிவிடுமா? ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் மண்டையோடுகளை ஆராய்ந்தவர்கள் அவற்றிலும் ஈறு நோயின் தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். மேலும், தெருநாய்க்கு நாம் பாலும் பிஸ்கோத்தும் கொடுத்துச் சோபாவில் படுக்க வைக்கவில்லை. வளர்ப்பது வீட்டுப் பிள்ளையைப் போல, கவனிப்பது மட்டும் காட்டு விலங்கைப் போல என்றால் இது எந்த ஊர் நியாயம்?

கடைக்காரரோ வேறு விதம். புதினா மணக்கும் பிஸ்கோத்து, வாயில் பீச்சும் வாசனைத் திரவம் என்று வரிசையாக எடுத்து வைக்கிறார். சாக்கடைக்குப் பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றுகிற காரியம் இது. நாற்றம் சில சமயம் வைத்தியனுக்குத் துப்புச் சொல்லும். மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். பழுத்த பழம் போல இனித்த வாடை வந்தால் நீரிழிவு முற்றியிருக்கலாம். அந்தத் துப்பையும் புதினா மறைத்துவிடுகிறது. அதைவிட விபரீதம், நாம் உபயோகிக்கும் பற்பசையை நாய்க்கும் பூசுவது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாயின் ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும்.

"எலும்பைப் போட்டால் தானே சுத்தமாகிவிடும்" என்பது பரம்பரை வைத்தியம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாய்ப் பிளந்து தொண்டையையும் குடலையும் குத்தும். கெட்டி எலும்பு பல்லையே உடைக்கும்.

முறையாகச் செய்வது என்றால், மயக்க மருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலுள்ள காறையையும் சுரண்டி எடுத்து, கெட்டுப்போன பல்லைப் பிடுங்க வேண்டும். மயக்கம் கொடுக்காமல் மேலாகச் சுரண்டினால் பல் வெளுப்பாகத் தெரியும். நோய் அடியில் அப்படியே இருக்கும். கிழ நாய்க்கு மயக்கம் ஆபத்தில்லையா என்று கேட்பது சரியான கேள்விதான். ஆபத்து கொஞ்சம் உண்டு. அதற்காகத்தான் முன்கூட்டி ரத்தம் பரிசோதிக்கிறார்கள். ஆனால் அழுகிய வாயோடு வருஷக்கணக்கில் இருப்பதில் ஆபத்து இல்லை என்று யார் சொன்னார்கள்? செலவும் உண்டு; எல்லாராலும் முடியாது என்பதும் தெரியும். ஆகையால்தான் ஆரம்பத்திலேயே கவனியுங்கள் என்று மன்றாடுகிறேன். சின்ன பிரஷுக்கு ஆகிற பணம் நாலு பேர் ஓட்டலில் காப்பி குடிக்கிற பணம்.

கவனிக்காவிட்டால் என்ன நடக்கிறது? நாற்றம் வந்ததும் நாய் கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்குப் போகிறது. தாழ்வாரத்திலிருந்து கொல்லைச் சங்கிலிக்கு. மடியில் ஏறி விளையாடிய ஜீவன், தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் கதவைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறது. கடைசியில் ஒரு நாள் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே இறக்கிவிட்டுத் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் சொல்லியிருக்கிறது. முதல் குற்றத்துக்கு அது எழுதிவைத்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. மனச்சாட்சியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாயைப் பற்றி வியாசம் எழுதச் சொன்னால் "நன்றியுள்ள பிராணி" என்று தொடங்காத பிள்ளை இல்லை. அதன் நன்றியைப் பற்றி இத்தனை எழுதிய நாம் நம்முடைய நன்றியைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா?

செய்ய வேண்டியது அதிகமில்லை. இன்று சாயங்காலம் உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறு சிவந்திருந்தாலோ, பழுப்புக் காறை கட்டியிருந்தாலோ, முதலில் மிருக வைத்தியரிடம் போங்கள். புண்ணான ஈற்றில் பிரஷ் போட்டால் அது கடிக்கத்தான் செய்யும். ஈறு நன்றாயிருந்தால் விரலில் ஈரத்துணியைச் சுற்றி, பல்லின் வெளிப்புறத்தை மட்டும் தேய்த்துப் பழக்குங்கள். சில நாளில் மெத்தென்ற பிரஷும் நாய்க்கென்றே விற்கும் பற்பசையும் போதும். கடைவாய்ப் பற்களை மறக்க வேண்டாம். தினமும் செய்யுங்கள். காறை இறுக இரண்டு மூன்று நாள் போதும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் பிரயோசனமில்லை.

இரண்டு நிமிஷ வேலை. அதற்கும் பொழுதில்லை என்பவர்கள் நாய் வளர்க்காமலிருப்பது நாய்க்கு நல்லது.