வல்லம் வடகாலுக்கு ஒரு பெட்டிப் புத்தகம்

2024 ஆகஸ்ட்டில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பைத் திறந்தார்கள். 706.50 கோடி ரூபாய் செலவு. பத்து மாடியில் பதின்மூன்று கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 பேர் தங்கலாம். தமிழ்நாட்டில் பல பேரூராட்சிகளில் இத்தனை ஜனம் கிடையாது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் லைனில் நிற்கும் பெண்களில் பெரும்பாலோர் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்து நேரே வேலைக்கு வந்தவர்கள். படிப்பை விட்டு அதிக நாள் ஆகவில்லை. விட மனமில்லாமல் விட்டவர்களும் அவர்களில் நிறைய.

இதே வட்டாரத்தில்தான் கல்லூரிகளும் இருக்கின்றன. பென்னலூரில் 1985-லிருந்து ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி இருக்கிறது. தண்டலத்தில் ராஜலட்சுமி. ஸ்ரீபெரும்புதூரிலேயே ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. ஒவ்வொன்றிலும் நூலகம் உண்டு, அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய நூலகர்கள் உண்டு. இந்த வட்டாரத்தின் கல்லூரி நூலகங்களுக்கு இங்கே உழைப்பவர்கள் விஷயத்திலும் கடமை இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கடமையைச் செய்ய நூலகர் எழுந்து வெளியே போக வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை, வெளியூர்ச் சரக்கும் இல்லை. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதற்கு முன் மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர். வந்த புதிதில் ஆள் வராத நூலகத்தில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், திரும்பக் கணக்குப் பாடத்துக்கே போகிறேன் என்று கேட்டவர் அவர். அந்த ஆண்டே அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். குரோய்டன் நகரப் பொது நூலகத்தில் பெர்விக் சேயர்ஸிடம் வேலை பழகினார், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். அங்கே தொழிலாளிகளும் பெண்களும் குழந்தைகளும் நூலகத்தைத் தங்கள் வீட்டுச் சொத்துபோலப் புழங்கியதைக் கண்டு வந்த மனிதர் வேறு ஆளாகத் திரும்பினார். கப்பலில் இருந்த புத்தகங்களைக்கூடத் தன் புது முறைப்படி வகைப்படுத்திப் பார்த்துக்கொண்டேதான் ஊர் வந்தார்.

வந்தபின் அவர் செய்ததைக் கவனியுங்கள். பல்கலைக்கழக அலமாரிகளை வாசகர் கைக்குத் திறந்துவிட்டார், விடுமுறை நாளிலும் கதவைத் திறந்துவைத்தார். அதோடு நிற்கவில்லை. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. அதன் செயலாளராக, ஊருக்கு ஊர் நூலகம் வேண்டும் என்ற பேச்சை வெளியே கொண்டுபோனார். அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ என்ற நூல் வெளிவந்தது 1931-ல். அந்த ஆண்டிலேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். இன்று நம் சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்து வசூலாவதும், அதில் கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எல்லாம் நடப்பதும் அந்தச் சட்டத்தால். ரங்கநாதன் வாங்கிய சம்பளம் பல்கலைக்கழகத்தின் சம்பளம். கிராமத்து விவசாயி என்ன படிக்கிறார் என்று பார்ப்பது அவர் வேலை விவரத்தில் இருந்திருக்காது. அதையும் தன் வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஒரகடம் சந்திப்பில் ஒரு டீக்கடையில் திருவண்ணாமலைப் பக்கத்துத் தம்பி ஒருவரைப் பார்த்தேன். டிப்ளமோ மெக்கானிக்கல். பி ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ் வரக் காத்திருந்தார். கையில் ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்.

“குரூப் ஃபோரா தம்பி?”

“ஆமா சார். பஸ்லதான் படிக்கிறது. ரூம்ல ஆறு பேர், மூணு ஷிஃப்ட். யாராவது ஒருத்தர் தூங்கிட்டே இருப்பாங்க.”

பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார்த்தாரா என்றேன்.

“போனேன் சார். கேட்ல ஐடி கேட்டாங்க. கழுத்துல இருந்ததக் காட்டுனேன். இது கம்பெனி ஐடி, காலேஜ் ஐடி வேணும்னுட்டாங்க.”

அந்த ஜெராக்ஸுக்குப் பக்கத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டுப் பாடநூல் முழுவதும் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கையில் நல்ல போன் இருந்தது. அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு எதிரிலேயே, இதை இரண்டு நிமிடத்தில் சொல்லித்தரக்கூடிய ஆள் ஒருவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் இருப்பது ஒரு கேட். அன்று எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

நூலகரின் கைவசம் இருப்பது புத்தகம் மட்டும் என்று நினைக்கிறோம். அவருடைய பெரிய திறமை, ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்து அது எங்கே கிடைக்கும் என்று காட்டுவது. பிஎஃப் பணத்தை எப்படி எடுப்பது, இஎஸ்ஐ மருத்துவமனையில் என்னென்ன உண்டு, சிஎன்சி புரோகிராமிங்கைத் தமிழில் எங்கே படிக்கலாம், வேலையிலிருந்துகொண்டே பட்டம் வாங்கத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எப்படிச் சேர்வது: ஹாஸ்டல் அறைகளில் இந்தக் கேள்விகள் தினமும் எழுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் யாருக்கும் இலவசம். ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகத்திலும் அப்படியே. போனில் இவற்றைத் திறந்து காட்ட ஒரு ஆள் போனால் போதும்.

புத்தகமும் போக வேண்டும். ஒரு தகரப் பெட்டி, ஐம்பது புத்தகம், மாதம் ஒருமுறை மாற்றல். பாதி நாவலும் சிறுகதையுமாக இருக்கட்டும். ஓவர்டைமோடு பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்ணுக்குத் தேர்வு வழிகாட்டியை மட்டும் நீட்டக் கூடாது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்களுக்கு அவரவர் மொழியில் நாலு புத்தகமாவது வேண்டும். பொறுப்பை வார்டனிடம் கொடுக்காமல், தங்கியிருப்பவர்களிலேயே வாசிக்கும் ஆசையுள்ள ஒரு பெண்ணிடம் கொடுக்கலாம். என்ன புத்தகம் வேண்டும் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வாங்கலாம். என்எஸ்எஸ் மாணவர்கள் பெட்டியைத் தூக்க வருவார்கள்.

புத்தகம் தொலையும் என்பார்கள். தொலையும்தான். அலமாரிகளைத் திறந்துவிட்ட காலத்திலும் இந்தப் பயம் இருந்தது. யாரும் தொடாமல் பத்து வருடம் நிற்கும் புத்தகத்தைவிட, படித்தவர் ஊருக்கு எடுத்துப்போன புத்தகம் நல்ல கதியை அடைந்தது என்பது என் கருத்து.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீட்டில் நூலகத்தைப் பற்றிக் கேட்டது, ஒரு நாளில் எத்தனை மாணவர், ஆசிரியர் உள்ளே வந்தார்கள் என்று. ஆகவே வாசல் பதிவேட்டின் எண்ணிக்கையே நூலகரின் மதிப்பெண் ஆகிவிட்டது. வெளியே போன நேரம் கணக்கில் சேராது. ஆனால் அதே மதிப்பீட்டில் சமூக விரிவாக்கப் பணி என்று ஒரு பகுதி இருக்கிறது. மரம் நடுவதும் ரத்ததான முகாமும் அதில் இடம்பெறும்போது புத்தகப் பெட்டிக்கு மட்டும் இடமில்லாமல் போகாது. முதல்வர்கள் இதை நூலகரின் பணி நேரமாக எழுத்தில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தொண்டாக விட்டால் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் ஓடத் தொடங்கியது, 2014 நவம்பர் 1-ல் நின்றது. எட்டு வருடத்தில் ஒரு தலைமுறைப் பெண்களின் வேலை வந்து போய்விட்டது. இந்த வட்டாரத்தில் வேலைக்கு வருகிற யாருக்கும் அடுத்த கதவைத் தட்டும் நாள் வரலாம். அந்த நாளுக்கு முன்னால் அவர்கள் கைக்குப் புத்தகமும் தகவலும் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 12 ரங்கநாதன் பிறந்தநாள், தேசிய நூலகர் தினம். கல்லூரிகளில் படத்துக்கு மாலை போட்டு, கண்காட்சி வைத்து, சான்றிதழ் கொடுப்பார்கள். நூலகர்களே, இந்த முறை அதோடு ஒரு பெட்டியையும் கட்டுங்கள். பக்கத்து ஹாஸ்டலுக்குக் கொண்டுபோங்கள். எந்த ஷிஃப்ட்டுக்கு எப்போது ஓய்வு என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சி ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் காலை பத்து மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் பார்க்கலாம்.