நமக்குச் சாதகமான பட்சபாதம்



நீங்கள் கைபேசியில் ஒரு பிரசங்கம் கேட்கிறீர்கள். உங்கள் மகள் பாடக் காணொளி பார்க்கிறாள். அடுத்த வீட்டுக்காரர் திரைப்படப் பாடல் கேட்கிறார். இவற்றில் எதற்கு எவ்வளவு கட்டணம், எது விரைந்து செல்ல வேண்டும் என்பதை உள்ளடக்கத்தைப் பார்த்துத் தொலைத்தொடர்பு நிறுவனம் தீர்மானிக்கலாமா? கூடாது என்பதே ‘இணையச் சமநிலை’ என்னும் கொள்கை. இது பொறியாளர்களின் விவாதம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. பட்சபாதத்தைக் குறித்த கேள்வி நம்முடைய கேள்வியும் ஆகும்.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணைந்து, சில இணையதளங்களை மட்டும் தரவுக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. முதலில் இத்திட்டம் வந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பின்னர் அது ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் ‘ஏர்டெல் ஜீரோ’ அறிவிக்கப்பட்டது. பணம் செலுத்தும் நிறுவனங்களின் செயலிகள் பயனாளருக்கு இலவசம் என்பது அதன் ஏற்பாடு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய்க்குச் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று ஆணையம், உள்ளடக்கத்தின் அடிப்படையில் தரவுக் கட்டணத்தில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். அவசரகாலச் சேவைகளுக்கு விலக்கு உண்டு.

“ஒன்றுமில்லாத ஏழைக்குச் சிறிதாவது கிடைக்கட்டுமே” என்று அன்று பலர் வாதிட்டனர். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பசித்தவன் முன் கோட்பாடு பேசுவது நமக்கு அழகல்ல. ஆயினும் வேதம் காட்டும் தருமத்தைக் கவனியுங்கள். லேவியராகமத்தில் நிலமுடையவன் வயலின் ஓரத்தை எளியவனுக்காக விட்டுவைக்கிறான். எந்தக் கதிரை எடுக்க வேண்டும் என்று அவன் தெரிந்தெடுத்துக் கொடுப்பதில்லை. அது பொறுக்குகிறவனின் கையில் இருக்கிறது. 2016 டிசம்பரில் டிராய் பரிந்துரைத்ததும் இதற்கு ஒத்ததே: கிராமப்புற மக்களுக்கு மாதந்தோறும் 100 எம்பி இலவசத் தரவு, எந்தத் தளத்துக்கும் கட்டுப்படாமல். ஏழைக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். அவனுக்குப் பதிலாக நாமே தெரிந்தெடுப்பதுதான் தவறு.

இனி நம்மை நாமே சோதிப்போம். நாளை ஒரு நிறுவனம் வந்து, “உங்கள் வேதாகமச் செயலியை மட்டும் இலவசமாக்குகிறோம், மற்ற மதத்தாரின் செயலிகளுக்குக் கட்டணம் உண்டு” என்றால், நாம் என்ன சொல்வோம்? கர்த்தர் வாசலைத் திறந்தார் என்று சாட்சி சொல்லத்தான் மனம் துடிக்கும். நமக்காக இன்று திறக்கும் கை நாளை நமக்கு எதிராக மூடவும் கூடும். அந்த அச்சத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்கும் இடமும் காட்டிய சபையாரை யாக்கோபு கண்டித்தபோது, சிறப்பிடம் பெற்றவன் நம்மவனா என்று அவர் விசாரிக்கவில்லை. பட்சபாதம் யாருக்குச் சாதகமாயினும் பாவமே.

சிறு சபையின் பிரசங்கமும் பெரும் தொலைக்காட்சி ஊழியத்தின் நிகழ்ச்சியும் இந்நாட்டில் ஒரே தரவுக் கட்டணத்தில் உங்களை வந்தடைவது இந்த விதியால்தான். ஆனால் அது பாதையைக் காக்கிறதேயன்றி, பாதையின் முடிவில் இருக்கும் கடைகளை அல்ல. எந்தக் காணொளியை முதலில் காட்டுவது என்பதைத் தளங்களே தம் கணக்கின்படி முடிவு செய்கின்றன. ஆகவே திரையில் முதலில் வருவதையே உண்மை என்று கொள்ளாதிருங்கள்.

டிராய் புதிய விதிகளைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது எந்தக் குடிமகனும் எழுதலாம். நம் சபையின் இளைஞர் எழுதட்டும். நமக்குச் சலுகை கேட்டு அல்ல, எல்லாருக்கும் ஒரே தராசு கேட்டு. நம் கருத்தை ஏற்காதவனுக்கும் அதே வழி திறந்திருக்கட்டும். சத்தியம் நிலைநிற்க மற்றவர் வழியை அடைக்கத் தேவையில்லை.

கர்த்தர் நமக்கு நடுநிலை தவறாத இருதயத்தைத் தருவாராக. ஆமென்.